சின்னத்தம்பி நடந்த வழி

திங்கள், தடாகம்

கோவையிலிருந்து கணுவாய் தாண்டியதும் செங்கல் சூளைகளின் புகைபோக்கிகள் தெரியத் தொடங்குகின்றன. எதிலும் புகை இல்லை. தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதியில்லாமல் ஓடிய சூளைகளை 2021-ல் மூடினார்கள். மண் எடுத்த பள்ளங்கள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. சிலவற்றின் அடியில் மழைத் தண்ணீர், சிலவற்றில் சீமைக் கருவேலம். கரை செங்குத்தாக இறங்குகிறது. "மனுசன் எறங்கவே ஏணி வேணும். குட்டியோட வர்ற ஆனை இந்தப் பக்கம் எப்படிப் போகும்?" என்றார் சித்தப்பா.

இந்த வாரப் பயணத்துக்கு வழி போட்டுக் கொடுத்தது ஒரு யானை. 2019 ஜனவரி 25 அன்று இந்தத் தடாகம் பகுதியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, டாப்ஸ்லிப் பக்கம் வரகளியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்களே, அந்தச் சின்னத்தம்பி. விட்ட ஒரு வாரத்துக்குள் மலையிறங்கி, அங்கலக்குறிச்சி வழியாக உடுமலை தாண்டி மடத்துக்குளம் கரும்புக் காடு வரை நடந்தது. பிப்ரவரி 15 அன்று மறுபடி பிடித்தார்கள். இப்போது டாப்ஸ்லிப் பக்கம் கோழிகமுத்தி யானை முகாமில் கும்கி, அதாவது காட்டு யானைகளைப் பிடிக்க உதவும் பழக்கிய யானை. அது போன ஊர்களுக்கெல்லாம் நாமும் போனால் என்ன என்று கேட்டேன். மின்வாரியத்தில் ஓய்வுபெற்று, ஒரே செய்தித்தாளை இரண்டு தடவை படித்துக்கொண்டிருந்த சித்தப்பா உடனே பையைத் தூக்கிவிட்டார்.

தடாகத்தில் டீக்கடை அம்மாவிடம் பேர் சொன்னதுமே முகம் மாறிவிட்டது. "அது எங்கூட்டுப் புள்ளைங்க அம்மிணி. ரோட்டுல வந்தா நாம ஓரமா நின்னுக்கோணும், அதுபாட்டுக்குப் போயிரும். ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணுனதில்ல. லாரியில ஏத்தயில தந்தம் ஒடஞ்சு ரத்தம் வந்துச்சு பாருங்க, அன்னிக்கு இந்தத் தெருவுல யாரும் சோறு திங்கல."

பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினார். "உங்க கடை வாசல்ல வந்து நிக்குமுங்க, நீங்க கும்புடுவீங்க. என்ற வாழைக்குள்ள வந்து நின்னா நான் என்ன பண்றது? ஒரே ராத்திரி. நாலு மாசப் பாடு."

இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீடுதான். இந்தச் சண்டை பல வருடமாக நடக்கிறது போலிருக்கிறது. அடுத்த டீயையும் அந்த அம்மாவே அவருக்குப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். மேற்கே அட்டப்பாடி, அமைதிப் பள்ளத்தாக்கு. வடக்கே நீலகிரிச் சரிவு. இரண்டுக்கும் நடுவில் யானைகள் போய்வரும் வழியில் இந்தப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. ஒரு யானைக் கூட்டம் வருடத்தில் சில நூறு சதுர கிலோமீட்டர் சுற்றும். எந்த மாதத்தில் எங்கே தண்ணீர், எங்கே மூங்கில் என்று கூட்டத்தின் மூத்த பிடிக்கு, அதாவது பெண் யானைக்குத் தெரியும். அந்த வழியில் மண் தோண்டினோம், சூளை போட்டோம், கல்லூரி கட்டினோம், வாழை வைத்தோம். யானைக்குப் பனை பிடிக்கும். சூளை எரிக்கக் கொண்டுவந்து போட்ட பனை மரங்களை மோப்பம் பிடித்தே ராத்திரியில் யானை வந்துவிடும் என்று இங்கே பலரும் சொல்கிறார்கள். விருந்து வைத்துவிட்டு விருந்தாளியை லாரியில் ஏற்றிய கதை.

செவ்வாய், மதுக்கரை

இன்று அதிகம் எழுத ஒன்றுமில்லை, வெயில்தான். ஆனால் இந்த இடத்தை விட்டுவிட்டுப் போக மனமில்லை.

போத்தனூரிலிருந்து பாலக்காடு போகும் ரயில் பாதை எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையில் ஏ லைன், பி லைன் என்று இரண்டாகப் பிரிகிறது. ஒன்று காட்டுக்குள்ளேயே போகிறது. கேரளப் பக்கம் ரயிலில் போன எல்லோரும் இந்த இடத்தை ஜன்னல் வழியே பார்த்திருப்போம். வளைவு, மேடு, இருட்டு. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மங்களூர்-சென்னை எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் ஒரே இடத்தில் இறந்தன. 2008-லிருந்து கணக்கெடுத்தால் இந்தச் சின்னத் துண்டில் மட்டும் 11 யானைகள்.

2024 பிப்ரவரியில் இங்கே 12 கோபுரங்கள் நட்டு, வெப்பத்தை உணரும் கேமராவும் சாதாரணக் கேமராவும் மாட்டினார்கள். செலவு 7.24 கோடி ரூபாய். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் யானை வந்தால் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டு கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். அங்கிருந்து வனத்துறைக்கும் லோகோ பைலட்டுக்கும் தகவல் போகும். பி லைனுக்கு அடியில் யானை கடக்க இரண்டு சுரங்க வழிகளும் வெட்டியிருக்கிறார்கள்.

சித்தப்பா கோபுரத்தின் உயரத்தையும் கேபிள் எப்படிப் போகிறது என்பதையும் ரொம்ப நேரம் பார்த்தார். "நல்ல வேலை. இதுல யானைகிட்ட ஒண்ணும் சொல்லல பாரு, டிரைவர்கிட்டதான் சொல்றாங்க" என்றார். அவர் போகிறபோக்கில் சொன்னதுதான். எனக்கு ராத்திரி வரை அதுவே மண்டையில் ஓடியது.

புதன், வால்பாறை

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கினார்கள், ஒரு குழந்தை வாந்தி எடுத்தது, வரையாடு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்த நானும் ஒன்பதாவது வளைவில் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டேன்.

வால்பாறை பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். பெரும்பாலும் தேயிலை, கொஞ்சம் காபி, இடையிடையே வெட்டாமல் விட்ட மழைக்காட்டுத் துண்டுகள். சுற்றி நாலு பக்கமும் காப்புக்காடு. ஆனைமலை ஒரு பக்கம், பரம்பிக்குளம் ஒரு பக்கம், கேரளத்து வாழச்சால் ஒரு பக்கம். இந்தக் காட்டிலிருந்து அந்தக் காட்டுக்குப் போகிற யானை தேயிலைக்குள் இறங்கித்தான் ஏற வேண்டும். நடுவில் சுமார் 70,000 பேர் வாழ்கிறார்கள்.

சாயங்காலம் ஒரு எஸ்டேட் பிரிவில் இறங்கினோம். தொழிலாளர்கள் குடியிருக்கும் பாடி வீடுகள் ஒரே வரிசை. வீட்டு வாசலில் கொளுந்துப் பை காய்ந்துகொண்டிருந்தது. ரோடு பிரியும் இடத்தில் ஒரு கம்பம், அதன் உச்சியில் சிவப்பு விளக்கு. எரியவில்லை. பார்த்தால் மூடிப்போன கடையின் விளம்பரக் கம்பம் என்று தாண்டிப் போயிருப்போம்.

ஆறு மணிக்கு மேல் மூடுபனி இறங்க ஆரம்பித்தது. ரேஷன் கடை பக்கமிருந்து ஒருவர் வந்தார், போனை எடுத்து ஒரு எண்ணுக்கு அடித்தார், எதிர்முனையில் யாரும் பேசவில்லை, வைத்துவிட்டார். கம்பத்தில் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். விளக்குக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்தால் எரியும், மறுபடி அழைத்தால் அணையும். ஒரு கிலோமீட்டர் தள்ளி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் பனிக்குள்ளும் அந்தச் சிவப்பைப் பார்க்கலாம். எரிந்தால் யானை பக்கத்தில் இருக்கிறது.

"எங்கே நிக்குது?" என்று கேட்டேன்.

"ஆத்தோரம் சதுப்புல. எட்டு உருப்படி, ரெண்டு குட்டி" என்றார். அதற்குள் பக்கத்து வீட்டில் ஒரு பெண் பையனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். பதறிய மாதிரியே இல்லை. பாதி எழுதிய வீட்டுப்பாட நோட்டு திண்ணையில் கிடந்தது. பையன் கை மட்டும் வெளியே வந்து அதை எடுத்துக்கொண்டு போனது.

வியாழன், வால்பாறையில்தான் இன்னும்

நேற்றுப் பார்த்த விளக்கின் கதை இது. இங்கே 1994-லிருந்து 2012 வரை 39 பேர் யானை தாக்கி இறந்தார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற காட்டுயிர் ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்த ஆனந்த குமாரும் அவர் குழுவும் ஒவ்வொரு சாவையும் எடுத்து, எங்கே, எத்தனை மணிக்கு, அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று விசாரித்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே பதில்தான்: யானை அங்கே நிற்பது இறந்தவருக்குத் தெரியாது. கடைசி பஸ்ஸில் இறங்கி இருட்டில் பாடிக்கு நடந்தவர்கள், விடிகாலையில் வேலைக்குப் போனவர்கள்.

அப்படியென்றால் தெரியப்படுத்தினால் போதுமே. முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் சாயங்காலம் கீழே எழுத்து ஓட விட்டார்கள்: இன்று இன்ன எஸ்டேட், இன்ன இடத்தில் யானை. பிறகு தமிழில் எஸ்எம்எஸ், பேச்சுத் தகவல். பிறகு சிவப்பு விளக்கு. விளக்கை ஏற்றும் பொறுப்பு எஸ்டேட் ஆட்களிடமே விடப்பட்டது, அதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. 2015-ல் ஆனந்த குமாருக்கு இதற்காகக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

சாவே இல்லை என்று எழுதினால் பொய். 2025 அக்டோபரில்கூட வால்பாறையில் ஒரு பாட்டியும் அவர் கையிலிருந்த பேத்தியும் இறந்தார்கள். ராத்திரியில் யானை வந்து வீட்டை இடித்தது. பாடி வீட்டுச் சுவர் யானைக்கு ஒரு பொருட்டே இல்லை. உள்ளே அரிசியும் உப்பும் இருப்பது அதற்கு வெளியிலிருந்தே தெரியும். ரேஷன் கடைகளும் சத்துணவுக் கூடங்களும் இங்கே திரும்பத் திரும்ப அடிபடுவது அதனால்தான்.

காலையில் யானைகளைப் பின்தொடரும் வேலையில் இருக்கும் ஒரு அண்ணனுடன் மேட்டில் ஏறி நின்றோம். நேற்றைய எட்டும் ஆற்றோரத்திலேயே இருந்தன. தேயிலைச் சரிவில் கொளுந்து பறிக்கும் பெண்கள், அவர்களுக்குக் கீழே கூப்பிடு தூரத்துக்கும் கொஞ்சம் கூட இருக்கும், சதுப்பில் யானைகள். பெண்கள் கங்காணி சொன்னபடி மேல் வரிசைக்கு மாறிவிட்டார்கள். யாரும் பட்டாசு வெடிக்கவில்லை, கல் எறியவில்லை. பெரிய பிடி ஒன்று புல்லைக் கொத்தாகச் சுழற்றிப் பிடுங்கி, வேரிலுள்ள மண் போக முன்னங்காலில் நாலு தடவை அடித்து, பிறகே வாயில் வைத்தது. ஒவ்வொரு கொத்துக்கும் அதே நாலு அடி. குட்டியும் அப்படியே செய்யப் பார்த்தது. புல் சிதறிப் போனதுதான் மிச்சம்.

"துரத்துனா என்ன ஆகும்ணா?"

"ஓடும். எங்க ஓடும்? அடுத்த எஸ்டேட்டுக்குத்தான். அங்க ஆளுங்களுக்குத் தெரியாது. நிக்கிற ஆனையை விட ஓடுற ஆனைதான் மோசம்" என்றார். "சும்மா விட்டா ராத்திரி அதுவே மேல காட்டுக்குப் போயிரும்."

துரத்துவதன் பெரிய அளவு வடிவம்தானே லாரியில் ஏற்றிக் கொண்டுபோவது. இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோ குழுவினர் இப்படி இடம் மாற்றிய 12 ஆண் யானைகளை காலர் மாட்டிக் கவனித்து 2012-ல் வெளியிட்டார்கள். சில நேராகப் பழைய இடத்துக்கே திரும்பின, சில ஊர் ஊராக அலைந்தன, சில வேறு புது இடத்தில் குடியேறின. உயிரோடிருந்த எதுவும் விட்ட பூங்காவிலேயே தங்கவில்லை. இடம் மாற்றிய யானைகளால் மனிதரோடு மோதலும் கூடியது, அவையும் அதிகம் செத்தன. நம் ஊரில் ஆராய்ச்சியே தேவையில்லை, செய்தித்தாள் போதும். சின்னத்தம்பி திரும்பியது. 2023 பிப்ரவரியில் தர்மபுரியில் பிடித்து ஆனைமலையில் விட்ட மக்னா, பொள்ளாச்சி வழியாக நடந்து கோவை நகரின் ஓரத்துக்கே வந்துவிட்டது. தந்தமில்லாத ஆண் யானையைத்தான் மக்னா என்பார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறில் விட்ட அரிக்கொம்பன், மே 27 அன்று கம்பம் நகரத் தெருவில் ஓடியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் கூண்டு, ஊசி, லாரி, ஜேசிபி. ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்படுகிறோம்.

வெள்ளி, கோழிகமுத்தி

சேத்துமடை செக்போஸ்டில் பையைக் கொட்டிப் பார்த்து, சித்தப்பாவின் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். டாப்ஸ்லிப்பில் ஹியூகோ வுட் சமாதி இருக்கிறது. தேக்கு மரங்களை வழித்து வெட்டிய காலத்தில், அடிக்கட்டையை விட்டுவிட்டு வெட்டி, துளிர்க்க வைத்த வன அதிகாரி, 1933-ல் இறந்தார். என் நினைவுச் சின்னம் வேண்டுமென்றால் சுற்றிப் பார் என்று லத்தீனில் கல்வெட்டு. சுற்றித் தேக்குதான். யானைக்குத் தேக்கங்காட்டில் பெரிதாகத் தீனி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அங்கிருந்து வனத்துறை வண்டியில் முகாம். ஆற்றில் குளித்துவிட்டு யானைகள் வரிசையாக வந்தன. சமையல் கூடத்தில் ராகிக் களியும் கொள்ளும் சோறும் வெல்லம், உப்பு, தாது உப்புக் கலவையோடு பிசைந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த யானைக்கு என்ன அளவு, யாருக்கு மருந்து என்று பலகையில் எழுதியிருக்கிறது. பாகன் உருண்டையைக் கையில் தராமல் நேராக வாய்க்குள் வைக்கிறார்; கை முழங்கை வரை உள்ளே போய் வருகிறது. பாகன்கள், அவர்களுக்கு உதவியாக இருக்கும் காவடிகள் பெரும்பாலும் மலசர் பழங்குடியினர். அப்பா பாகன், தாத்தா பாகன், பையன் காவடி.

ஒரு பாகன் அண்ணன், வயது அறுபதை நெருங்கும், ஈர மண்ணில் பதிந்த முன்னங்கால் தடத்தைக் காட்டி "இது எத்தன உயரம்னு சொல்லுங்க பாப்பம்" என்றார். தோளில் கிடந்த துண்டை முறுக்கி, தடத்தின் ஓரத்தைச் சுற்றி வைத்து, முனை தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டார். அந்த நீளத்தை இரண்டு மடங்காக்கி, தடத்துக்குச் சொந்தக்கார யானையின் தோளோரம் வைத்துப் பிடித்தார். விரல் அளவு வித்தியாசம்தான். முன்னங்கால் சுற்றளவில் இரண்டு மடங்கு தோள் உயரம். காட்டில் தடத்தை மட்டும் பார்த்து ஆள் யாரென்று சொல்லும் கணக்கு இது.

ராத்திரியில் இவை கட்டுத்தறியில் நிற்பதில்லை. சாயங்காலத் தீனி முடிந்ததும் காலில் நீளச் சங்கிலியோடு காட்டுக்குள் மேய விடுகிறார்கள். விடிகாலையில் பாகனும் காவடியும் சங்கிலி இழுபட்ட தடத்தைப் பிடித்துக்கொண்டே போய்க் கூட்டி வர வேண்டும். சில நாள் ரெண்டு கிலோமீட்டர், சில நாள் அதற்கும் மேல், வழியில் காட்டு யானை நின்றால் மரத்தில்தான் இருப்பு. முகாமில் பிறந்த குட்டிகளுக்கு அப்பா யார் என்று கேட்டேன். "பேர் ஊர் தெரியாத காட்டுக் கொம்பன்தான்" என்று சிரித்தார்.

இதைப் பார்த்ததும் கோயில் யானைதான் நினைவுக்கு வந்தது. கருங்கல் தரை, தகரக் கொட்டகை, வருடம் முழுக்கத் தனிமை. கூட்டமாய் வாழும் உயிரைத் தனியாக நிறுத்திவிட்டு ஆசீர்வாதம் வாங்குகிறோம். 2003-ல் தொடங்கிய புத்துணர்வு முகாம் நடந்த வருடங்களில் சில வாரம் மற்ற யானைகளோடு நின்று, மண் பூசி, ஆற்றோரம் நடந்துவிட்டு, திரும்ப அதே கொட்டகைக்குத்தான் வந்தன. 2024 நவம்பரில் திருச்செந்தூர் தெய்வானை, பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றபோது "அமைதியான யானைக்கு என்ன ஆச்சு" என்று எல்லோரும் கேட்டார்கள். கோயிலில் யானை வேண்டாம் என்று நான் சொன்னால் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி ஆகும். ஆனால் ஒரு யானை மட்டும் இருக்கும் கோயில் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கலீமைப் பார்த்தோம். 99 ஆபரேஷனில் நின்ற கும்கி, 2023 மார்ச் 7 அன்று 60 வயதில் வனத்துறை அணிவகுப்பு மரியாதையோடு ஓய்வு பெற்றது. சித்தப்பா தன் ஓய்வு நாளில் கிடைத்த சால்வையை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். சின்னத்தம்பியை மடத்துக்குளத்தில் மடக்கப் போனவர்களில் கலீமும் உண்டு. கரும்புக் காட்டில் அந்தக் கும்கிகளோடு சின்னத்தம்பி தும்பிக்கை கோத்து விளையாடிய படங்கள் அப்போது எல்லோர் போனிலும் சுற்றின.

சின்னத்தம்பியும் அங்கேதான் தழை தின்றுகொண்டிருந்தது. எந்தக் கிளையையும் அப்படியே வாயில் வைப்பதில்லை. காலுக்கடியில் வைத்து மிதித்துப் பட்டையை உரித்துத்தான் தின்கிறது. வரகளியாறில் கரால் என்ற மரக்கூண்டில் அடைத்து வைத்து, பாகன் பக்கத்திலேயே இருந்து கரும்பும் பேச்சுமாகப் பழக்கிய கதையை அந்த அண்ணன் சொன்னார். "முதல்ல கோபமா இருப்பான். அப்புறம் நம்ம குரலுக்குக் காதைத் திருப்புவான். அப்பவே பாதி வேலை முடிஞ்சுது." மயக்க மருந்துக்கும் ஜேசிபிக்கும் பயந்த அதே யானையைத்தான் 2023-ல் மக்னாவைப் பிடிக்கக் கூட்டிப் போனார்கள். தர்மபுரியில் மக்னாவை லாரியில் ஏற்ற உதவியது. அந்த லாரி வந்து நின்றது வரகளியாறில். அங்கிருந்து அந்த மக்னாவும் இறங்கி நடந்தது, முதலில் பொள்ளாச்சிக்கு.

பாகனிடம் "பிடிச்சது சரியாண்ணா?" என்று கேட்டேன். "அதிகாரி சொன்னா பிடிக்கணும். நல்லா வச்சுக்கிறது என் வேலை" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, கொள்ளு வெந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார்.

சனி, மடத்துக்குளம்

கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை. 2019 பிப்ரவரியில் சின்னத்தம்பி இரண்டு வாரம் போல இந்தச் சுற்றில்தான் இருந்தது. சுற்றிக் கரும்பு, வாய்க்கால், நிழல். யானைக்கு இதைவிட என்ன வேண்டும்? பார்க்கக் கூட்டம், ஐஸ் வண்டி, டிவி கேமரா. கடைசியில் உயர் நீதிமன்றம் பிடிக்க உத்தரவிட்டது.

கண்ணாடிப்புத்தூர் பக்கம் ஒரு விவசாயி தோட்டத்தில் உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். "எல்லாரும் அதைக் காப்பாத்துங்கன்னு போன்ல போட்டாங்க. அது என்ற கரும்புல நின்னுட்டு இருந்துச்சு. தின்னது கொஞ்சந்தானுங்க. நடந்து சாய்ச்சதுதான் அதிகம்" என்றார்.

வால்பாறை விளக்கைப் பற்றி நான் உற்சாகமாக எடுத்துவிட்டேன். பிடிப்பதை விட்டுவிட்டு, எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் போனில் சொன்னால் போதுமே, ஆளும் பிழைப்பான், யானையும் பிழைக்கும் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "போன் வந்தா நான் தள்ளிப் போயிருவேன். கரும்பு போகுமுங்களா?" என்றார்.

தேயிலையை யானை தின்பதில்லை. வால்பாறையில் அந்த ஒன்று முதலிலேயே நமக்குச் சாதகமாக இருக்கிறது. இங்கே பயிரே தீனி. அதனால் இங்கே தகவலோடு இன்னும் இரண்டு வேண்டும்: நாலு மாதம் அலைய விடாத இழப்பீடு, ஒழுங்கான வேலி. இரண்டாவதைச் சொன்னதும் சித்தப்பா பேச்சைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார்.

கலீம் ஓய்வு பெற்ற அதே 2023 மார்ச் 7 அன்று தர்மபுரி மாரண்டஅள்ளியில் மூன்று யானைகள் வயலில் செத்துக் கிடந்தன. கம்பத்திலிருந்து நேராக மின்சாரம் எடுத்து வேலியில் விட்டிருந்தார்கள். இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்து, தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. சோலார் வேலி வேறு மாதிரி. பேட்டரியிலிருந்து ஒரு நொடிக்கு ஒரு தடவை, கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக ஒரு துடிப்பு போகும். உதறிவிட்டுப் போகும், உயிர் போகாது. லைன் கரண்ட் விடாமல் பிடித்துக்கொள்ளும். யானையோடு நிற்காது, மாட்டையும் பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் சேர்த்துக் கொல்லும். அந்த ஆண்டே தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்ய விதி கொண்டுவந்தது. "முப்பது வருசம் இந்தக் கருமத்தைத்தான் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன்" என்றார் சித்தப்பா.

விவசாயி எழுந்துபோய்த் தன் சோலார் வேலியைக் காட்டினார். கம்பி தொய்ந்திருந்தது, அடியில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. சித்தப்பா பேட்டரி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, தண்ணீரே இல்லை, இது ஆட்டுக்குட்டியைக்கூடத் தடுக்காது என்றார். அடியில் புல்லைச் செதுக்க வேண்டும், எர்த் கம்பியை ஈர மண்ணில் இன்னும் ஆழமாக இறக்க வேண்டும், பேட்டரி மாற்ற வேண்டும். ஒரு அட்டையின் பின்னால் கணக்கு எழுதிக் கொடுத்தார். விவசாயி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பேட்டரி விலை போன வருசம் கேட்டதை விட ஆயிரம் ரூபாய் கூட இருக்கே என்றார். இருவரும் அதைப் பேசி முடிப்பதற்குள் உடுமலை பஸ் போய்விட்டது. அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்து என்றார்கள். அதற்குள் வேலியை இன்னொரு சுற்றுச் சுற்றி வருகிறோம் என்று இருவரும் கிளம்பிவிட்டார்கள்.